வெளிர் தங்கத்தில் தெரியாத முகம்

கடையில் அவளுக்குக் குருவி என்று பெயர். உருவமும் அப்படி, வேலையும் அப்படி. ஒரு காலை மடித்துப் போட்டு நாற்காலியில் உட்கார்ந்தால் நாற்பது பக்க ஆல்பம் ஒன்றை முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். மருந்துக்கடைக்கு மேலே மாடியில் இரண்டு அறைகள். முன்னறையில் முதலாளியின் மேசையும், சுவர் கொள்ளாத மாதிரிப் படங்களும். பின்னறையில் இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பெரிய பிரிண்டர், ஒரு லேமினேஷன் மெஷின். அந்த மெஷினின் சூட்டு வாசனை துணியில் ஏறி அவளோடு வீடு வரைக்கும் வரும். "பக்கத்துல வந்தா புது ஐடி கார்டு வாசனை அடிக்குது" என்று அவள் கணவன் கிண்டல் செய்வான்.

அவள் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அதற்கு முன் பத்து வருடம் அதே நாற்காலியில் இருந்தவரை எல்லோரும் சோடாபுட்டி அக்கா என்பார்கள். கண்ணாடி அவ்வளவு தடிமன். குருவி அவரைப் பார்த்ததில்லை. பார்வை மங்கிக்கொண்டே போய், எதிரில் இருக்கும் திரையே புகையாகத் தெரிய ஆரம்பித்ததும் நின்றுவிட்டாராம். நாற்காலியின் குஷனில் அவர் உட்கார்ந்த பள்ளமும், கீபோர்டில் அவர் ஒட்டிய பெரிய எழுத்து ஸ்டிக்கர்களும் அப்படியே இருந்தன. அப்புறம், அவர் வரைந்த பத்து ஓவர்லேக்கள்.

ஓவர்லே என்றால் படத்தின் மேல் விரிக்கும் அலங்காரம். கண்ணாடித்தாளில் பூவேலை வரைந்து போட்டோவின் மேல் வைத்தால் எப்படி இருக்கும், அதுதான். மற்ற கடைக்காரர்கள் ஊர் உலகமெல்லாம் சுற்றும் அதே இதயத்தையும் அதே பட்டாம்பூச்சியையும் ஒட்டிக்கொண்டிருந்தபோது, சோடாபுட்டி அக்கா தானே உட்கார்ந்து வரைந்தார். கொடி, சரிகை, பனித்தூறல், இறகு என்று பத்து. எல்லாமே வெளிர் தங்க நிறம். அதில் கொடிக்குத்தான் மவுசு. கல்யாணமா, பிறந்த குழந்தையா, பட்டமளிப்பா, எதுவானாலும் "அந்தக் கொடி போட்டுக் கொடுங்க" என்றுதான் கேட்பார்கள். சிலர் வெள்ளி நிறம் கேட்பார்கள், சிலர் இளஞ்சிவப்பு. நிறத்தை மாற்றுவது குருவிக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒரு பட்டையை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ இழுத்தால் முடிந்தது.

ஒரு நாள் பள்ளி ஆசிரியை ஒருத்தி வந்தாள். அவளுடைய அப்பா அம்மாவின் நாற்பதாவது கல்யாண நாளுக்கு ஆல்பம்.

"தங்கக் கலர் வேண்டாங்க. எல்லார் வீட்டு ஆல்பமும் தங்கக் கலர்லதான் இருக்கு. அந்தக் கொடியையே நல்லா அடர் நீலமாப் போடுங்க. மை மாதிரி."

"எழுதுற மையா, கண்ணுக்குப் போடுற மையா?"

ஆசிரியை சிரித்தாள். "எழுதுற மைதான். நான் டீச்சர் இல்லையா."

மதியம் முதலாளி சாப்பிடப் போனதும் குருவி கொடியைத் திறந்தாள். பட்டையை இழுத்தால் நிறம் மாறியதே தவிர அடர்த்தி வரவில்லை. பத்து தடவை துவைத்த யூனிபார்ம் நீலம்தான் கிடைத்தது. சரி என்று, எல்லாவற்றையும் ஒற்றை நிறமாக்கி, வெளிச்சத்தைக் குறைத்து, மங்கலுக்கும் பளிச்சுக்கும் உள்ள இடைவெளியை நன்றாக அகட்டினாள். திரை முழுக்கக் கொடி கருநீலமாக இறங்கியது.

இடது பக்கம், மூன்றாவது வளைவில், இலைகள் அடர்ந்திருக்கும் இடத்தில் ஒரு கண் இருந்தது.

கறை என்றுதான் முதலில் நினைத்தாள். முந்தானையால் திரையைத் துடைத்தாள். படத்தைப் பெரிதாக்கினாள். ஒரு கண் இல்லை, இரண்டு. இலை நரம்புகள் சேருமிடத்தில் மூக்கு. அதற்குக் கீழே லேசாகத் திறந்த வாய், முன்பல் ஒன்று இல்லாமல். ஏழு வயதுப் பெண் குழந்தை ஒன்று, கொடிக்குப் பின்னால் நின்று இலைகளை விலக்காமலே பார்த்துக்கொண்டிருப்பதைப் போல, இடது பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

குருவி ஃபைலை மூடினாள். தண்ணீர் குடித்தாள். கீழே மருந்துக்கடையில் யாரோ இருமல் மருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் தெம்பாக இருந்தது. மறுபடி திறந்தாள்.

சிவப்பாக்கினாள், குழந்தை இருந்தது. பச்சையாக்கினாள், இருந்தது. பழைய வெளிர் தங்கத்துக்குத் திரும்பினாள், இல்லை. வெறும் இலைகள்.

எப்படி என்று அவளுக்குப் புரியாமல் இல்லை. இலையின் நிறத்துக்கும் முகத்தின் நிறத்துக்கும் நூற்றுக்கு இரண்டு பங்குதான் வித்தியாசம் வைத்து வரைந்திருக்கிறார்கள். வெளிர் நிறத்தில் அந்த இரண்டு பங்கைக் கண் பிடிக்காது. அடர் நிறத்துக்கு இழுத்து அகட்டும்போது இரண்டு இருபதாகிவிடும். தொழில் தெரிந்தவர்களுக்கு இது பெரிய வித்தை இல்லை.

அடுத்ததாகச் சரிகையைத் திறந்து இருட்டாக்கினாள். பின்னலின் ஓட்டைகளுக்கு நடுவில் அதே பெண். ஆனால் கொஞ்சம் பெரியவள். பல் முளைத்திருந்தது. பனித்தூறலில் இரட்டைச் சடை போட்டிருந்தாள். இன்னொன்றில் முகவாயில் ஒரு பரு. இறகில் கழுத்து நீண்டு, கன்னத்துக் குழந்தைச் சதை வடிந்து, பதினாறு வயதுக்காரியாக நேராகப் பார்த்தாள். பத்து ஃபைல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். உருவாக்கிய தேதியைப் பார்த்தாள். பத்து வருடம், பத்து ஃபைல், ஒவ்வொன்றும் அதே மாதத்தின் அதே தேதி. அடுத்த அந்தத் தேதி வர இன்னும் ஏழு வாரம் இருந்தது.

முதலாளி படியேறி வரும் சத்தம் கேட்டதும் எல்லாவற்றையும் மூடிவிட்டாள். ஏன் மறைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் தன் கல்யாண ஆல்பத்தை எடுத்தாள். நான்கு வருடத்துக்கு முன் அதே கடையில் செய்தது. அப்போது அவளுக்கு அந்தக் கடையில் யாரையும் தெரியாது. முதல் பக்கத்தில் அவளும் கணவனும், சுற்றி வெளிர் தங்கக் கொடி. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. செல்போனில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து இருட்டாக்கினாள்.

அவள் தோளுக்குப் பின்னால், மூன்றாவது வளைவில், பல் விழுந்த குழந்தை நின்றிருந்தது.

"என்ன, திடீர்னு ஆல்பத்தை எடுத்து வெச்சுட்டு?" என்றான் கணவன்.

"நம்ம கல்யாணத்துக்கு எத்தனை பேர் வந்தாங்க?"

"நூத்தி இருபது இருக்கும். ஏன்?"

"ஒரு ஆளு கூடுதலா வந்திருக்கு" என்றாள்.

அவன் அதைக் கேலிப் பேச்சு என்று நினைத்துக்கொண்டான். அவளும் அப்படியே விட்டுவிட்டாள்.

ஆசிரியைக்குச் சாதாரணமாக ஒரு நீலக் கரையைப் புதிதாக வரைந்து கொடுத்துச் சமாளித்தாள். அதன்பின் வந்த நாட்கள்தான் கஷ்டமாக இருந்தன. முன்னறைச் சுவரில் ஐம்பது மாதிரிப் படங்கள். யார் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள், எல்லோருக்கும் பக்கத்தில் தங்க நிற இலைகள். காலையில் கதவைத் திறந்து உள்ளே நுழையும்போது அவள் அந்தச் சுவரைப் பார்க்காமல் நடந்தாள். கீழே மருந்துக்கடைக்காரரின் கல்லாவுக்குப் பின்னால் அவர் குடும்பப் படம், அதிலும் கொடி. பல் டாக்டரிடம் போனால் அங்கே சுவரில் அவர் மகளின் பட்டமளிப்புப் படம், சுற்றி இறகு. ஊரில் எத்தனை வீடு என்று கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஆயிரத்துக்குக் குறையாது. முறைத்துப் பார்க்கும் முகமாக இருந்திருந்தால் பயந்து ஓடியிருப்பாள். இது அப்படி இல்லை. கூட்டத்தில் யாராவது தன்னிடம் பேச மாட்டார்களா என்று ஓரமாக நிற்கும் பிள்ளையின் முகம். அதுதான் அவளைப் பிடித்துக்கொண்டது.

பல் டாக்டரிடம் போனது கடைவாய்ப் பல் பிடுங்க. அன்று அவள் லீவு. அடுத்த நாள் ஒரு கன்னம் பலாச்சுளை மாதிரி வீங்கியிருக்க, அவள் கடைக்கு வந்து உட்கார்ந்த அரை மணி நேரத்தில் ஒரு இளம்பெண் கைக்குழந்தையோடு மாடியேறி வந்தாள். கையில் சுருட்டிய பெரிய படம். முதலாளியின் மேசையில் அதை விரித்தாள். கருப்பச்சைக் கொடி சூழ அந்தக் கைக்குழந்தை தூங்கும் படம். முந்தின நாள் குருவி இல்லாததால் முதலாளியே அவசரமாக நிறம் மாற்றி அச்சடித்துக் கொடுத்திருக்கிறார். கண்ணை ஓட்டாமல்.

"இது யாரு?" என்றாள் அந்தப் பெண். விரல் மூன்றாவது வளைவில் இருந்தது. குரல் உடைந்திருந்தது. "என் புள்ளைக்குப் பக்கத்துல இது யாரு? மாட்டி வெச்சுட்டுப் படுத்தேன். எந்திரிச்சுப் பாத்தா பாத்துட்டு நிக்குது. புள்ள அப்பலேர்ந்து பால் குடிக்கல."

முதலாளி கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு குனிந்தார். அவர் முகம் வெளுத்துப்போனது. அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அந்தப் பெண் படத்தை எடுத்து இரண்டாகக் கிழித்தாள். பிறகு நான்காக. குழந்தை விழித்துக்கொண்டு அழுதது.

"வேற போட்டுத் தர்றோம்மா. தப்பு எங்க மேலதான்" என்று குருவி வீங்கிய வாயோடு சொன்னாள். அந்தப் பெண் குழந்தையைத் தட்டிக்கொண்டே இறங்கிப் போனாள்.

முதலாளி நாற்காலியில் சாய்ந்தார். குருவி எல்லாவற்றையும் சொன்னாள். பத்து ஃபைலையும் காட்டினாள்.

"இது சோடாபுட்டியோட மக" என்றார் கடைசியில். "இங்க வேலைக்கு வர்றதுக்கு முந்தின வருஷம் காய்ச்சல்ல போயிடுச்சு. ஆறு வயசு. எனக்கு ஒரு தடவைதான் சொல்லுச்சு. அதுக்கப்புறம் பேச்சே கிடையாது."

"ஆறு வயசா?"

"ஆறு."

இருவரும் பதினாறு வயது முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாத்தையும் அழிச்சிடு குருவி. பேய்க்கடைன்னு பேர் வந்துச்சுன்னா நாளைக்கு நாம ரெண்டு பேரும் கீழ இறங்கி மாத்திரை விக்க வேண்டியதுதான்."

"அழிச்சா கொடியும் போகும் அண்ணே. இலையும் முகமும் ஒண்ணாக் கலந்திருக்கு. பிரிக்க முடியாது. முகம் தனியா இருக்கிற அசல் ஃபைல் அவங்ககிட்டதான் இருக்கும்."

முதலாளி பழைய ரிஜிஸ்தரில் முகவரி தேடிக் கொடுத்தார். "பாத்துப் பேசு" என்றார். "திட்டிடாதே."

பஸ் கடைசி நிறுத்தத்தில் நின்றது. அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய குடியிருப்பு, மூன்றாவது மாடி. சோடாபுட்டி அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். கதவைத் திறந்தவர், மூச்சிரைத்து நின்ற குருவியைப் பார்த்துச் சிரித்தார். "ஊர் லிஃப்டையெல்லாம் நான்தான் ஓட வைக்கிறேன். என் கட்டடத்துல படிக்கட்டுதான். உள்ள வாம்மா. பல்வலியா?"

சுத்தமான சின்ன வீடு. சுவர்களில் படம் ஒன்றுகூட இல்லை. ஆணிகள் மட்டும் இருந்தன, ஒவ்வொரு ஆணிக்குக் கீழும் சுவர் சதுரமாக வெளுத்திருந்தது. ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்து சோடாபுட்டி அக்கா துவைத்த துணிகளைத் தடவித் தடவி மடித்துக்கொண்டிருந்தார். கண்ணாடி போட்டிருக்கவில்லை. இனி போட்டுப் பயனில்லை போலிருக்கிறது.

"கடையிலேர்ந்து வர்றியா? லேமினேஷன் வாசனை வருது" என்றார்.

"ஆமாக்கா. உங்க நாற்காலியில நான்தான் இருக்கேன்."

"குஷனை மாத்தலையா இன்னும்?"

"இல்லக்கா." குருவி உட்கார்ந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று பஸ்ஸில் யோசித்து வைத்ததெல்லாம் மறந்துவிட்டது. "கொடியை அடர் கலருக்கு மாத்தினேன் அக்கா" என்றாள்.

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"எந்தக் கலர்?"

"நீலம்."

"நீலத்துல எப்படி இருந்தா?"

"யாரு?" என்றார் மெக்கானிக். அவர் டீ போட அடுப்படி வாசலில் நின்றிருந்தார்.

"நல்லா தெரிஞ்சா அக்கா" என்றாள் குருவி. "முன்பல்லு ஒண்ணு இல்லை. இடது பக்கம் பாத்துட்டு இருந்தா."

"அந்தப் பல்லு ஆடிட்டு இருந்துச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறப்பகூட நாக்கால ஆட்டிக்கிட்டே வந்தா. விழல. நான்தான் விழ வெச்சு வரைஞ்சேன்."

மெக்கானிக் கையில் இருந்த பாத்திரத்தை வைத்தார். மெதுவாக வந்து நின்றார். குருவிக்கு அப்போதுதான் புரிந்தது, இவருக்குத் தெரியாது. பத்து வருடமாகத் தெரியாது. இனி மறைக்கவும் வழியில்லை. பத்து முகங்களையும் படமெடுத்து வைத்திருந்த செல்போனை அவரிடம் நீட்டினாள்.

அவர் விரல் நகங்களில் கிரீஸ் கறை. ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஏழு, எட்டு, ஒன்பது. இரட்டைச் சடைக்கு வந்ததும் நின்று, தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மேலே தள்ளினார். பதினாறில் வெகுநேரம் இருந்தார்.

"என் தங்கச்சி ஜாடை" என்றார். "இந்த வயசுல இந்த மாதிரிதான் இருந்தா அவ. இது எப்படித் தெரியும் உனக்கு?"

"நெத்தியும் மூக்கும் உங்க பக்கம்தானே. வளந்தா அப்படித்தான் வருவா."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல நீ."

"நீங்கதான் படத்தையெல்லாம் கழட்டி எடுத்துட்டுப் போயிட்டீங்க."

"நீ பாத்துப் பாத்து அழுதே. அதனால எடுத்தேன்."

"நீங்க அழல."

"அழுதேன். லிஃப்ட் குழியில இறங்கி நின்னுக்கிட்டு அழுவேன். அங்க யாரும் வர மாட்டாங்க."

அடுப்பில் தண்ணீர் கொதித்து வற்றும் சத்தம் கேட்டது. குருவி எழுந்து போய் அணைத்தாள். திரும்பி வந்தபோது இருவரும் அதே இடத்தில், அவர் தரையிலும் அவர் மனைவி கட்டிலிலுமாக இருந்தார்கள்.

"ஏன்க்கா மத்தவங்க படத்துல?" என்று கேட்டாள். குற்றமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

சோடாபுட்டி அக்கா ஒரு சட்டையை எடுத்து மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். "ஆஸ்பத்திரியில மூணு நாள் உள்ள வெச்சிருந்தாங்க. எங்களை விடல. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னோம். அவ தனியா இருக்க பயப்படுவா. பாத்ரூம் போனாக்கூடக் கதவைச் சாத்த விட மாட்டா. கடைசி வரைக்கும் தனியாத்தான் இருந்தா." சட்டையின் காலரை நீவிவிட்டார். "கடைக்கு வந்தப்பறம் நாள் முழுக்கக் கூட்டம்தான் கண்ணு முன்னாடி. கல்யாணக் கூட்டம், சொந்தக்காரங்க, சிரிப்பு. இந்தக் கூட்டத்துல விட்டா பயப்பட மாட்டான்னு தோணுச்சு. பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் ஒண்ணு வரைஞ்சேன். யாருக்கும் தொந்தரவு இல்லாமத்தான் விட்டேன். தங்கக் கலர்ல தெரியாது."

குருவிக்குச் சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் சொன்னாள். கருப்பச்சைப் படத்தையும், கைக்குழந்தையோடு வந்த பெண்ணையும், அவள் கிழித்ததையும்.

"பயந்துட்டாளா?" என்றார் அக்கா. அந்த ஒரு விஷயம்தான் அவரை உடைத்தது. சட்டையை முகத்தில் அழுத்திக்கொண்டார். "என் புள்ளையைப் பாத்தா பயந்தா?"

மெக்கானிக் எழுந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தொடவில்லை, பக்கத்தில் உட்கார்ந்தார், அவ்வளவுதான்.

வெகுநேரம் கழித்து அக்கா எழுந்து, பொத்தான் போட்டு வைக்கும் தகர டப்பாவைத் தடவி எடுத்தார். அடியில் ஒரு பென்டிரைவ் இருந்தது. "எல்லாம் இதுல தனித்தனி லேயரா இருக்கு. முகத்து லேயருக்குப் பேர் கிடையாது, ஒரு புள்ளி மட்டும் வெச்சிருப்பேன். எடுத்துடும்மா. மத்தவங்க புள்ளைங்க தூங்கணும்."

அடுத்த நாள் காலை குருவி அந்த வேலையில் உட்கார்ந்தாள். முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித்தாள் போன்ற ஒவ்வொரு லேயருக்கும் பக்கத்தில் சின்னதாக ஒரு கண் குறி உண்டு. அதை அழுத்தினால் அந்த லேயர் மறைந்துவிடும். தினமும் ஆயிரம் தடவை அழுத்தும் குறி. அன்று அவளால் சட்டென்று அழுத்த முடியவில்லை. புள்ளி வைத்த லேயரைத் தேடி, கண்ணை மூடி, வெற்றுக் கொடியை வேறு பெயரில் சேமித்தாள். சரிகையில் மூடினாள். பனித்தூறலில் மூடினாள். முகம் போன இடத்தில் இலைகள் சரியாகத்தான் இருந்தன, ஆனால் யாரோ இப்போதுதான் எழுந்து போன நாற்காலியைப் போல அந்த வளைவு அவளுக்குத் தெரிந்தது. இறகுக்கு வந்தபோது முதலாளி தொண்டையைச் செருமினார்.

"லேயரை அழிச்சிடாதே. மறைச்சு மட்டும் வை."

"அழிக்கல அண்ணே."

"பத்து வருஷம் இந்தப் புள்ள இங்க இருந்திருக்கு. நான் ஒரு தடவைகூடப் பாக்கல" என்றார். பிறகு போன் அடிக்காமலே போன் எடுக்கப் போவதைப் போல முன்னறைக்குப் போய்விட்டார்.

வெளியே போன ஆல்பங்களைத் திரும்ப வாங்க வழியில்லை. அவை வெளிர் தங்கத்தில், ஊர் முழுக்க அலமாரிகளில் இருந்தன.

கைக்குழந்தைக்காரி புதுப் படத்தை வாங்க வந்தாள். மூன்றாவது வளைவை உற்றுப் பார்த்தாள். ஒன்றும் இல்லை என்று உறுதியானதும், "அது யாருன்னு கண்டுபிடிச்சீங்களா?" என்றாள்.

குருவி சொன்னாள். முழுக்கச் சொல்லவில்லை. இங்கே வேலை செய்தவரின் மகள், ஆறு வயதில் இறந்துபோனவள், தனியாக இருக்க பயப்படுவாள் என்பதால் அம்மா வரைந்து வைத்தார் என்று மட்டும் சொன்னாள்.

அந்தப் பெண் குழந்தையின் தலையைத் தோளோடு அழுத்திக்கொண்டாள். "அன்னிக்கு நான் கிழிச்சிருக்க வேண்டாம்" என்றாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இல்ல, கிழிச்சிருக்க வேண்டாம்" என்று மறுபடி சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

இரண்டு வாரம் கழித்து மெக்கானிக் போன் செய்தார். ஏதோ கட்டடத்தின் மொட்டை மாடியிலிருந்து பேசினார், காற்றுச் சத்தம் பலமாக இருந்தது. "ஞாயித்துக்கிழமை நேரம் இருக்குமாம்மா? லேப்டாப் எடுத்துட்டு வர முடியுமா? பதினேழு வருது. அவளால வரைய முடியாது. சொல்லுவா, நீ வரையணும்."

குருவி வேண்டாம் என்று சொல்ல நினைத்தாள். இறந்த பெண்ணை வளர்க்கும் வேலை அது. அதைத் தன் கையால் செய்ய வேண்டும். ஆனாலும் "வர்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் போனாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். புருவம் இன்னும் கொஞ்சம் அடர்த்தி. மேலுதட்டில் மெல்லிசா ஒரு கோடு விழும். காது என்னுது, மடல் ஒட்டியிருக்கும். குருவி வரைந்ததை மெக்கானிக் பார்த்து அக்காவுக்கு வாயால் சொல்வார். முதல் வாரம் அவர் அதிகம் பேசவில்லை. இரண்டாவது வாரம், "முடி இவ்வளவு நீளம் வெச்சுக்க மாட்டா. வெட்டியிருப்பா" என்றார். "நான் விட்டிருக்க மாட்டேன்" என்றார் அக்கா. "உன்னைக் கேட்டுட்டா வெட்டுவா?" என்று அவர் கேட்டதும் அக்கா சிரித்தே விட்டார். தோள் வரைக்கும் வெட்டினார்கள். மூன்றாவது வாரம் கண்ணாடி போடுவதா வேண்டாமா என்று இழுத்துப் பறித்து, வேண்டாம் என்று முடிவானது. வரைய வரைய அந்த முகம் அவர்கள் இருவரும் சொல்லாத ஏதோ ஒன்றைத் தானாகவே எடுத்துக்கொண்டு வருவதைப் போலக் குருவிக்கு இருந்தது. உதட்டின் ஓரத்தை அவள் அப்படி வளைக்கவில்லை. வளைத்திருக்கத்தான் வேண்டும், அவள் கைதானே. ஆனாலும் அவளுக்கு நினைவில்லை.

நான்காவது ஞாயிறு, அதே தேதி. கொடி, இறகு எதுவும் வைக்காமல் வெறும் முகத்தை அச்சடித்துச் சட்டம் போட்டு எடுத்துப் போயிருந்தாள். மெக்கானிக் கூடத்தில் ஒரு ஆணியில் அதை மாட்டினார். வெளுத்த சதுரத்தைவிடப் படம் பெரிதாக இருந்தது. அக்கா எழுந்து வந்து சட்டத்தின் நான்கு பக்கமும் விரலால் தடவி, கோணலாக இல்லையே என்று கேட்டார்.

"பதினேழுன்னா காலேஜ் சேர்ற வயசு" என்றார் மெக்கானிக்.

"என்ன படிப்பா?"

"இன்ஜினியரிங்தான். என் கூட வேலைக்கு வந்து கம்பியெல்லாம் தொட்டுத் தொட்டுக் கேப்பாளே."

"கணக்கு வராது அவளுக்கு."

"ஆறு வயசுல யாருக்குக் கணக்கு வரும்?"

குருவி போய்வருகிறேன் என்று சொன்னதை அவர்கள் சரியாகக் கேட்கவில்லை. கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு இறங்கினாள். இரண்டாவது மாடித் திருப்பத்திலும் குரல்கள் கேட்டன. விடுதியில் சேர்ப்பதா, வீட்டிலிருந்தே போய்வருவதா என்று பேச்சு வலுத்துக்கொண்டிருந்தது. பஸ்ஸில் அனுப்பினால் போதும், நாம்தான் இருக்கிறோமே என்றார் ஒருவர். அவ்வளவு தூரமா என்றார் மற்றவர். குருவி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டாள். கீழேயிருந்து ஒருவர் இரண்டு கைகளிலும் காய்கறிப் பைகளோடு மூச்சு வாங்க ஏறி வந்தார். அவருக்கு வழிவிட்டு, சுவரோடு ஒட்டி நின்று, பிறகு அவளும் இறங்கிப் போனாள்.